கண்ணாடிக்காரர் கொடுத்த சான்றிதழ்

மாதிரித் தேர்வில் சுண்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்த அன்று கண்ணாடிக்காரர் கடையில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தபோது அவர் ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தின் காலை வளைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு பேர்கூட எழுதல சார்," என்றார் வகுப்பாசிரியர். "மூணு மணி நேரமும் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. கேட்டா, எழுதி என்ன ஆகப்போகுதுங்கறா. பொதுத்தேர்வுக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டா. நாளைக்கு நீங்களும் அம்மாவும் வந்து என்னைப் பாருங்க."

கண்ணாடிக்காரர் ஃபோனை வைத்துவிட்டு மறுபடியும் பெரியவரின் காதுக்குத் திரும்பினார். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பள்ளியிறுதி வகுப்பு, தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. வேறு அப்பாவாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பார். இவர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கண்ணாடிக்குப் பவர் மாற்றி எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்றைக்குச் சாயங்காலம் உட்காரவைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எட்டு வருஷமாக அவர் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவர் பொல்லாத மனிதர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் அந்தப் பெண் எப்போதோ எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் இடுக்கு மாதிரி ஒரு கடை அவருடையது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். பின்சுவரில் எழுத்து அட்டை, அதற்கு நேரே ஒரு ஸ்டூல், மேஜைமேல் சோதனை லென்ஸ்கள் வரிசையாக அடுக்கிய மரப்பெட்டி. ஒரு கண் டாக்டரிடம் பன்னிரண்டு வருஷம் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டவர். எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் தெருவைக் கடந்து வரும் தினுசைப் பார்த்தே கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவர் தலைக்குக் கனம் ஏறியது ஒரு நல்ல காரியத்தால்தான். பல வருஷத்துக்கு முன்பு ஒரு தையல்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மக்கு, மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பள்ளியில் கைகழுவிய பெண். கண்ணாடிக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு லென்ஸ் போட்டுப் பார்த்தார். அந்தக் குழந்தைக்குக் கரும்பலகையே தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் அவள் வகுப்பில் நான்காவதாக வந்தாள். தையல்காரர் கடைக்கு வந்து கண்ணாடிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து, படிக்காத பிள்ளை என்று யார் சொன்னாலும் அது கண் தெரியாத பிள்ளை என்றுதான் அவர் காதில் விழுந்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். கண்ணாடிக்காரர் பிள்ளைக்கு என்ன வரும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அம்மா வைத்த செல்லப்பேர் சுண்டு. மூன்று வயதில் வீட்டில் இருப்பவர்களையெல்லாம் பேச்சில் மடக்கிவிடுவாள். ஒரு தடவை கேட்ட கதையை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். இப்பேர்ப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தாள். பாதி எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தாள். ஒரு வரியில் ஆரம்பித்து இரண்டு வரி தள்ளிப் போய் முடித்தாள். இன்றைக்குக் கற்றுக்கொண்ட எழுத்து நாளைக்குப் புதுசாக இருந்தது.

இரண்டாம் வகுப்பு டீச்சர் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்த பெண்மணி, அதிகம் பேசமாட்டார்.

"இவ நல்ல புத்திசாலி சார். வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றா. எழுத்துதான் பிடிபட மாட்டேங்குது. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னு பரிசோதனை பண்றவங்க இருக்காங்க. விலாசம் எழுதித் தர்றேன், ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க."

"கண்ணு தெரியாம இருக்கும் டீச்சர்."

"நான் பாத்துட்டேன். கடைசி பெஞ்சுல இருந்து போர்டுல ஒட்டியிருக்கற சின்னப் படத்தைக்கூடச் சரியாச் சொல்றா. கண்ணு இல்ல."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. "டீச்சர், நீங்க பாடம் நடத்தறீங்க. அதுல நான் வந்து மூக்கை நுழைச்சா நல்லா இருக்குமா? கண்ணு என் தொழில். என் பொண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா?"

விலாசம் எழுதிய சீட்டை அவர் மரியாதைக்கு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது.

அன்று சாயங்காலமே சுண்டுவை ஸ்டூலில் ஏற்றினார். சோதனைச் சட்டம் அந்தச் சின்ன மூக்கில் நிற்காமல் வழுக்கியது, பஞ்சு வைத்து நிறுத்தினார். அட்டையில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். குழந்தை திணறினாள். ஒன்றைச் சொன்னாள், மாற்றிச் சொன்னாள், பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் டீச்சரிடம் சொல்லிக்கொண்டார். ஒரு லென்ஸைப் போட்டு இப்போது எப்படி இருக்கிறது என்றார். எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். நான்காவது லென்ஸில், நன்றாகத் தெரிகிறது அப்பா என்றாள் சுண்டு. அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்.

கதை அதோடு நின்றிருந்தால்கூட ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். டீச்சர் தன் பங்குக்கு மாணவர் பதிவேட்டில், 'பார்வை நன்றாக உள்ளது. எழுத்துகளை இனங்காண்பதில் சிரமம். தனிப் பரிசோதனை அவசியம்' என்று எழுதிவைத்திருந்தார். கண்ணாடிக்காரருக்கு அது தெரிந்ததும் பொறுக்கவில்லை. என் பெண் பேருக்கு நேரே இப்படி ஒரு வரி இருந்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று, கடைப் பேர் அச்சடித்த தாளில், 'இம்மாணவிக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது, கண்ணாடி அணிவதால் சரியாகிவிடும்' என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். தலைமையாசிரியர் அவருடைய வாடிக்கையாளர். கண்ணாடிக்காரர் போட்டுவிட்ட கண்ணாடி வழியாகவே அந்தச் சான்றிதழைப் படித்துவிட்டு, டீச்சரின் வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

 அடுத்த வருஷம் டீச்சர் வேறு பள்ளிக்கு மாறிப்போய்விட்டார்.

புதுக் கண்ணாடி வந்த புதிதில் சுண்டு நன்றாகத்தான் படித்தாள், அல்லது படிப்பதுபோல் இருந்தாள். அவள் அம்மா துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காலை நீட்டிக் காய் நறுக்கிக்கொண்டே பாடத்தைச் சத்தமாகப் படிப்பார். சுண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் தடவை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பாள், சரியான இடத்தில் பக்கம்கூடத் திருப்புவாள். கண்ணாடிக்காரர் அதை வாசலிலிருந்து பார்த்துப் பூரித்துப்போவார்.

வகுப்பு ஏற ஏறப் பாடம் நீண்டது, அம்மாவின் குரல் எட்டவில்லை. மதிப்பெண் இறங்கியது. கண்ணாடிக்காரர் பவரை ஏற்றினார். பிள்ளைக்குத் தலைவலி வந்தது. பவர் பற்றவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கண் பழக வேண்டும், எப்போதும் கழற்றாதே என்று கட்டளை வேறு. வகுப்பில் சுண்டு கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகக் கரும்பலகையைப் பார்ப்பாள். திமிரைப் பார் என்றார்கள் ஆசிரியர்கள். தோழிகள் அவளுக்குத் தாத்தா என்று பேர் வைத்தார்கள். வீட்டில் வந்து அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள், கண்ணாடிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரே ஒரு தடவை அவர் மனைவி, "ஏங்க, எதுக்கும் ஒரு கண் டாக்டர்கிட்டயும் காட்டிருவோமே," என்றார்.

"ஊர்ல இருக்கறவனெல்லாம் என்னைத் தேடி வர்றான். கட்டினவளுக்கு நம்பிக்கை இல்ல," என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது அந்த அம்மாளே தினமும் நினைக்கிறார்.

ஐந்தாம் வகுப்பில் சுண்டு வரிசையாக மூன்று கண்ணாடிகளைத் தொலைத்தாள். மூன்றாவது தொலைந்த அன்று கண்ணாடிக்காரர் கை நீட்டிவிட்டார். வாழ்க்கையில் ஒரே அடி. "ராப்பகலா உனக்காக லென்ஸைத் தேய்க்கறேன், உனக்குப் படிக்க வலிக்குதா, சோம்பேறிக் கழுதை," என்றார். சுண்டு அழவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியையும் தொலைக்கவும் இல்லை.

விடுமுறையில் கடைக்கு வந்து உட்காருவாள். தயாரான கண்ணாடிகள் பேர் எழுதிய உறைகளில் பெட்டி பெட்டியாக இருக்கும். சுண்டு எந்தப் பேரையும் பார்க்கமாட்டாள். ஆளின் முகத்தைப் பார்ப்பாள், மூன்றாவது பெட்டியில் ஏழாவது உறை என்று நேராகக் கையை விட்டு எடுத்துத் தருவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. "என் பொண்ணு பேரைப் படிக்காமலே எடுத்துக் கொடுப்பா," என்று கண்ணாடிக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். ஏன் படிப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படியாகத்தான் அந்த வெறும் தாள் வரைக்கும் வந்தது.

வகுப்பாசிரியர் இளைஞர், பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மறுநாள் பார்க்கப் போன இருவரிடமும் சுற்றி வளைக்காமல் பேசினார். "சார், நேத்து அதே கேள்விகளை நான் படிச்சு, அவளைப் பதில் சொல்லச் சொன்னேன். எழுபத்தஞ்சுக்கு மேல வாங்குவா. படிக்கறதுலதான் பிரச்சினை. பரிசோதனை பண்ணி உறுதியாச்சுன்னா, தேர்வுல கேள்வித்தாளைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் கொடுப்பாங்க, கூடுதல் நேரம் கொடுப்பாங்க. அது கிடைச்சா எழுத வர்றேன்னு சொல்லியிருக்கா. இந்த மாசக் கடைசிக்குள்ள விண்ணப்பம் போகணும். விட்டா இந்த வருஷம் போச்சு, அதுக்கப்புறம் அவ பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டா."

கண்ணாடிக்காரர் வாய் திறக்கும் முன் மனைவி, "என்னென்ன கொண்டுவரணும் சொல்லுங்க தம்பி," என்றார்.

முதலில் கண் மருத்துவரின் அறிக்கை. டாக்டர் சுண்டுவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தார். பிறகு இருட்டறையில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் கண்ணின் கணக்கை எடுத்தார். பன்னிரண்டு வருஷம் தன் பழைய டாக்டர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தவர் கண்ணாடிக்காரர். இப்போதும் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நிமிர்வதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ரெண்டு கண்ணும் அருமையா இருக்கு. பவரே வேண்டாம்," என்றார் டாக்டர். மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதை யார் கொடுத்தது? இதைப் போட்டா போர்டுதான் மங்கும். தலைவலி வரும். எந்தக் கடைம்மா?"

கண்ணாடிக்காரர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்ல டாக்டர்," என்றாள் சுண்டு. "எங்கயோ வாங்கினது."

அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. வாயைத் திறந்து நான்தான் டாக்டர் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சொட்டு மருந்தில் சுண்டுவுக்கு வெளி வெளிச்சம் கூசியது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பேருந்துக்காக மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். 

"கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்டா, அப்ப நல்லா தெரியுது, நல்லா தெரியுதுன்னு எங்கிட்ட ஏன் சொன்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நல்லாத்தானேப்பா தெரிஞ்சுது," என்றாள் சுண்டு. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். "எந்த லென்ஸுக்காவது நல்லா தெரியுதுன்னு சொல்ற வரைக்கும் விடமாட்டீங்க. பெட்டி முழுக்கப் போட்டுப் பாப்பீங்க. நாலாவதோ அஞ்சாவதோ போடும்போது சொல்லிருவேன். நீங்களும் சந்தோஷப்படுவீங்க."

மறுநாள் பதிவேட்டின் நகலுக்காகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் தூசி தட்டிப் பழைய பதிவேட்டை எடுத்து இரண்டாம் வகுப்புப் பக்கத்தை விரித்தார். டீச்சரின் வரி இருந்தது. சிவப்புக்கோடு அதன் நடுவில் ஓடியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிந்தது. 'பார்வை நன்றாக உள்ளது.' பக்கத்தில் ஓரம் மஞ்சளித்த அவருடைய சான்றிதழ் ஒட்டியிருந்தது, கீழே அவருடைய கையெழுத்து அகலக் கால் வைத்து நின்றது. அந்த டீச்சர், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். பெட்டி நிறைய லென்ஸ் வைத்திருந்த தனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பரிசோதனை நடக்கும் இடம் ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். பரிசோதனை செய்கிற டீச்சர் நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார், பேச்சு மெதுவாக இருந்தது. சுண்டுவை உள்ளே கூட்டிப் போய் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார். கதவுக்கு வெளியே கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே சுண்டு படிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை, நிறுத்தம், அதே வார்த்தை, நிறுத்தம். பெண் படிப்பதை அவர் இதுவரை கேட்டதே இல்லை என்று அப்போதுதான் கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. ஒப்பிப்பதைத்தான் கேட்டிருக்கிறார்.

பிறகு இவர்கள் இருவரையும் உள்ளே அழைத்தார் டீச்சர்.

"இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேரு. கண்ணு எழுத்தைச் சரியாத்தான் பாக்குது. அந்த எழுத்தையும் அதோட சத்தத்தையும் மூளை சேத்து வைக்கறதுலதான் சிரமம். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கேட்டுப் புரிஞ்சுக்கறதுல இவ வயசுக்கு மேல இருக்கா. படிக்கறது மூணாம் வகுப்பு அளவுல நிக்குது."

"சரியாயிருமா டீச்சர்?" என்றார் அம்மா.

"காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறது இல்லம்மா. ஆனா இதுக்குன்னு சொல்லிக்கொடுக்கற முறை இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் வரட்டும். இப்பவும் கத்துக்கலாம், கொஞ்சம் நாளாகும். ஏழு வயசுல வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"வேண்டாம் சார், அதைப் பேசி என்ன."

"பரவால்ல, சொல்லுங்க."

"இந்நேரம் கேள்வித்தாளை அவளே படிச்சிருப்பா."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். கேட்டு வாங்கிக்கொண்டதுதானே, யாரை நோக.

டீச்சர் பள்ளிப் பதிவேட்டின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இங்கதான் சிக்கல். இந்தச் சான்றிதழ் இருக்கற வரைக்கும் தேர்வு வாரியம் ஒத்துக்காது. பார்வைக் குறைபாடு, கண்ணாடி போட்டாச்சு, அப்புறம் என்ன சலுகைன்னு கேப்பாங்க. இதைக் கொடுத்தவரே தப்புன்னு எழுதிக் கொடுத்தா நல்லது. அந்தக் கடைக்காரரைத் தேடிப் பிடிக்க முடியுமா?"

சுண்டு வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். முந்திக்கொண்டார்.

"நான்தான் டீச்சர். என் கடைதான். ஒரு பேப்பர் கொடுங்க."

பேப்பர் வந்தது. பேனாவை உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். நான் கண் மருத்துவர் அல்ல. என் மகளுக்குப் பார்வைக் குறைபாடு என்று நான் கொடுத்த சான்றிதழ் தவறானது. அவளுக்கு எந்தக் காலத்திலும் கண்ணாடி தேவைப்படவில்லை. அவளுடைய இரண்டாம் வகுப்பு ஆசிரியை எழுதியதே சரி. என் வற்புறுத்தலால் அது அடிக்கப்பட்டது. முப்பது வருஷம் கட்டிக்காத்த பேர், நாலு வரியில் இறங்கிவிட்டது. எழுதி முடித்தபோது அவருக்கு மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. பரிகாரம் முடிந்துவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மனித மனசுக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்.

டீச்சர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தினார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. தேர்வு நெருங்கும்போது சலுகைக்காகத் திடீர்னு வர்றவங்களும் உண்டு. அதனால சின்ன வயசுல இருந்தே சிரமம் இருந்துச்சான்னு வீட்டு ஆளுங்க வாக்குமூலம் கேப்பாங்க. குழந்தை முதல்ல எப்ப சொன்னா, என்ன சொன்னான்னு எழுதணும். பெத்தவங்கள்ல ஒருத்தர் அதை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடணும்."

"அவ சொன்னதே இல்ல டீச்சர்," என்றார் கண்ணாடிக்காரர். "அதான் எனக்கு ஆறல. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? என் தப்பு இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்பா," என்றாள் சுண்டு.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் மறந்து வைத்த சாவியை எடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னாள்.

"எப்ப?"

"நாலாம் வகுப்புல. ஒரு ஞாயித்துக்கிழமை. நீங்க சாணையில லென்ஸ் தேய்ச்சுட்டிருந்தீங்க. பக்கத்துல வந்து நின்னேன். அப்பா, கண்ணாடி போட்டாலும் போடாட்டாலும் எழுத்தெல்லாம் பளிச்சுன்னுதான் தெரியுது, ஆனா எது எந்த எழுத்துன்னு எனக்குத் தெரியலப்பா, எல்லாருக்கும் எப்படித் தெரியுதுன்னு கேட்டேன். ரொம்ப நாளா சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

சுண்டு அம்மாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரை.

"பரவால்லடா, சொல்லு," என்றார் கண்ணாடிக்காரர்.

"மெஷினை நிறுத்தல. அப்ப பவர் பத்தல, ஏத்திருவோம்னு சொன்னீங்க."

கண்ணாடிக்காரர் யோசித்தார். நாலாம் வகுப்பில் அவளுக்குப் போட்ட சட்டம் என்ன நிறம் என்று அவருக்கு நினைவிருந்தது. அப்போது என்ன பவர், அந்த வருஷம் சாணைக்கல் விரிசல் விட்டு மாற்றியது, கடைக்கு யார் யார் வந்துபோனார்கள், எல்லாம் நினைவிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற பிள்ளை மட்டும் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை நாள்கணக்கில் யோசித்துக் கொண்டுவந்து கொடுத்த வார்த்தை, இந்தக் காதில் விழுந்து அந்தக் காது வழியாகக்கூடப் போகவில்லை, விழவே இல்லை.

அவர் மனைவி இப்போது அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாத அழுகை.

டீச்சர் பேனாவை எடுத்தார். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? நீங்க உறுதிப்படுத்தினாத்தான் எழுத முடியும். அவ சொல்றதை மட்டும் வெச்சு எழுதினா செல்லாது."

தன் கண்ணால் பார்த்துச் சோதிக்காத எதற்கும் கண்ணாடிக்காரர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அது அவருடைய கொள்கை, பெருமை, எல்லாம். சுண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று அவர் சொன்னாலும் ஒத்துக்கொண்டுவிடுவாள் போலிருந்தது.

"எழுதிக்குங்க டீச்சர்," என்றார். "ஒன்பது வயசுல சொன்னா. எங்கிட்டதான் சொன்னா. நான் கேக்கல."

டீச்சர் எழுதினார். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போடும் முன், "இரும்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குப் படிச்சுக் காட்டறேன்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, முதல் வரியில் விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அவர் அவளுக்கு எதையாவது படித்துக் காட்டுவது அதுதான் முதல் தடவை.